கடவுச்சொல் கடந்து வந்த வழி

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால் பிறந்தது கடவுச்சொல். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற இயங்குதளத்தைச் செய்து காட்டியது. ஒரு பெரிய ஐ.பி.எம். இயந்திரத்தில் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வேலை பார்க்க முடிந்தது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது.

எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், படித்தால் புரியும்படி அப்படியே இருந்தன. ஆய்வு மாணவர் ஆலன் ஷெருக்கு வாரம் 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. 1962-இல் அவர் துளை அட்டையில் கட்டளை கொடுத்து அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்தார்; பிறர் கணக்கில் நுழைந்து வேலையைத் தொடர்ந்தார். சில ஆண்டுகள் கழித்து ஒரு விபத்து. ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் இன்னொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே சமயத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறிப்போயின. உள்ளே வந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகின.

இதற்கு மருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பிரிக்க முடியாதபடி உருமாற்றி வைக்கலாம் என்று ரோஜர் நீடம் வழிகாட்டினார். யூனிக்ஸ் இயங்குதளம் அதைப் பின்பற்றியது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்திருந்தார்கள். அவற்றில் 86 சதவீதம் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. பூட்டு பலப்பட்டது, சாவியைத் தேர்ந்தெடுக்கும் மனிதர் மாறவில்லை.

1990-களில் அலுவலகக் கணினிகள் ஒன்றோடொன்று இணைந்தபோது கடவுச்சொல் ஃபோல்டருக்குக் குடிபெயர்ந்தது. விண்டோஸ் 95-இல் பகிரும் ஃபோல்டருக்கே ஒரு கடவுச்சொல் வைக்கலாம். அது தெரிந்தவர் எவரும் திறக்கலாம். திறந்தது யார் என்று தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லை மாற்றி எல்லோருக்கும் மறுபடி சொல்ல வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை 2000-இல் தெரியவந்தது. கேட்பவர் எத்தனை எழுத்து அனுப்புகிறாரோ அத்தனையை மட்டுமே கணினி சரிபார்த்தது. முதல் எழுத்து பொருந்தினாலே கதவு திறந்துகொண்டது. விண்டோஸ் என்.டி. வழியில் வந்த முறை ஃபோல்டரை விட்டுவிட்டு ஆளைக் கேட்டது: நீ யார், உனக்கு இங்கே அனுமதி உண்டா? இன்று நிலைத்திருப்பது இந்த முறைதான்.

அதனால்தான் காலையில் பின் நம்பர் போட்டு உள்ளே போனவர், பக்கத்துக் கணினியின் ஃபோல்டரைத் திறக்கும்போது அதே நம்பரைத் தட்டித் தட்டி அலுத்துப்போகிறார். பின் நம்பர் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது. ஃபோல்டர் இருக்கும் கணினிக்குத் தேவை, தன்னிடம் உள்ள கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை, எக்ஸ்.பி. காலத்திலிருந்தே விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடுவதில்லை.

இந்தத் தொல்லைக்காகப் பலர் பகிர்வுக்கான கடவுச்சொல் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், அதே வைஃபையில் இணையும் வெளியாளுக்கும் பகிர்ந்த ஃபோல்டர் திறந்து கிடக்க அது வழிசெய்யும். ஃபோல்டர் உள்ள கணினியில் ஆளுக்கொரு கணக்கு தொடங்கி, தேவையானவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அவர் தன் கணினியில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து, நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால் போதும். பிறகு கேள்வி வராது.

ஆனால் அதன் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஃபோல்டர் திறக்கும். இரண்டு கணினிகளின் காவலும் இப்போது ஒரே லாக் ஸ்கிரீனின் பொறுப்பு. டீ குடிக்க எழுந்தாலும் விண்டோஸ் விசையோடு எல்-ஐ அழுத்திவிட்டுப் போவது, உங்களை நம்பி ஃபோல்டரைப் பகிர்ந்தவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை.