தார் காய்ச்சப் போனவர்கள்

வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரத்தளத்துக்கு எதைப் பூசுவது? இன்று இந்தக் கேள்வியைப் பெயிண்டுக் கடையில் கேட்டால் போதும். முந்நூறு வருஷங்களுக்கு முன்போ இது மந்திரிகளின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. அன்று மரத்தளம் என்றால் கப்பல் தளம் அல்லவா?

பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் தளத்தைப் பற்றிப் படித்தபோது என்னை வியக்கவைத்தது, பலகையின் மேல் ஒன்றுமே பூசுவதில்லை என்பதுதான். தார் பூசினால் வெயிலில் காலோடு ஒட்டும். எண்ணெய் பூசினால் வழுக்கும். ஆகவே மணற்கல்லால் தேய்த்து வெறும் மரமாகவே வைத்திருந்தார்கள். காப்பெல்லாம் இடுக்குகளில்தான். தாரில் ஊறிய பழங்கயிற்றைப் பிரித்து, அந்த நாரைப் பலகைகளின் இடுக்கில் உளி வைத்து அடித்துத் திணிப்பார்கள். தாரைச் சுண்டக் காய்ச்சினால் கிடைக்கும் கீலை அதன்மேல் ஊற்றுவார்கள். பாய்களைத் தாங்கும் கயிறுகளுக்கும் தார்தான். தாரில்லையேல் கடற்படையே இல்லை.

நல்ல தார் ஸ்வீடனிலிருந்தும், அப்போது அதன் ஆட்சியிலிருந்த பின்லாந்திலிருந்தும் வந்தது. உயிருள்ள பைன் மரத்தின் பட்டையைச் சில வருஷங்கள் சிறிது சிறிதாக உரித்துவருவார்கள். காயம்பட்ட மரத்தில் பிசின் ஊறும். பிறகு வெட்டிக் குழியில் அடுக்கி, மண்ணால் மூடிப் புகையவிட்டால் அடியில் தார் வடியும். 1648-இல் ஸ்வீடன் இந்த வியாபாரத்தை ஒரே கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1700-இல் வடக்கே பெரும் யுத்தம் மூண்டதும் இங்கிலாந்து திண்டாடியது. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் தாருக்கு டன்னுக்கு 4 பவுன் வெகுமதி என்று 1705-இல் சட்டம் செய்தார்கள்.

இங்கேதான் ஏழைகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 1709-இல், யுத்தத்தாலும் கொடுங்குளிராலும் நொந்த ரைன் நதிக்கரை ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் லண்டனுக்கு வந்து கூடாரங்களில் கிடந்தார்கள். இவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினால் தார் காய்ச்சியே பிரயாணக் கடனை அடைத்துவிடுவார்களே என்று யாருக்கோ தோன்றியது. காகிதத்தில் எவ்வளவு அழகான யோசனை!

1710-இல் சுமார் 3,000 பேர் கப்பலேறினார்கள். நூற்றுக்கணக்கானோர் காய்ச்சலில் மாண்டார்கள். நியூயார்க்கில் பல குழந்தைகளைக் கவர்னர் ஹண்டர் பிறரிடம் தொழில் பழக ஒப்படைத்துவிட்டார். அப்படி அச்சுக்கூடத்துக்குப் போன ஒரு சிறுவன்தான் ஜான் பீட்டர் ஸெங்கர். பின்னாளில் ஒரு கவர்னரைத் தாக்கிப் பத்திரிகை அச்சிட்டதாக வழக்கில் சிக்கி, 1735-இல் ஜூரிகளால் விடுதலையானவன். பத்திரிகைச் சுதந்திரத்தின் சரித்திரத்தில் தாருக்கும் இப்படி ஒரு சம்பந்தம்!

மற்றவர்கள் ஹட்ஸன் நதிக்கரைக்குப் போனார்கள். அவர்களில் பலர் திராட்சைக்கொடி வளர்த்தவர்கள். பைன் மரத்தை என்ன செய்வது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்ததோ வெள்ளைப் பைன். தாருக்கு உதவாத ஜாதி. பயிர் செய்ய நிலம் வேண்டுமென்று 1711-இல் அவர்கள் முரண்டியபோது சிப்பாய்கள் வந்து அடக்கினார்கள். 1712-இல் ஹண்டரின் பணம் தீர்ந்தது. உங்கள் பிழைப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிட்டுவிட்டார். சிலர் குடும்பத்தோடு ஸ்கோஹாரிப் பள்ளத்தாக்குக்கு நடந்து போய்ப் புது நிலம் தேடினார்கள்.

தார் மட்டும் வந்தது, கரோலினாவிலிருந்து. அங்கே பட்டை உரித்துக் காத்திருக்கவில்லை; விழுந்து கிடந்த பைன் கட்டைகளையே எரித்தார்கள். அது கயிற்றைப் பொசுக்குகிறது என்று கப்பற்படையார் குறைகூறிக்கொண்டே வாங்கினார்கள். குழிகளைச் சுற்றி இரவும் பகலும் நின்று நெருப்பைக் காத்தவர்களில் ஆப்பிரிக்க அடிமைகள் பலர். அவர்களுக்கு அடைக்க வேண்டிய கடன் ஏதும் இருக்கவில்லை, கூலியும் இருக்கவில்லை.