சொல் வந்த வழியும் தொழில் வந்த வழியும்: இந்தியப் படகுகளில் ஒழுக்கடைத்தலின் வரலாறு

மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாகப் படகின் மேல் கட்டும் துணிக்குத் தமிழில் தார்ப்பாய் என்று பெயர். இந்தியில் அது திர்பால், வங்காளத்தில் திரிபல், மராத்தியிலும் குஜராத்தியிலும் தாட்பத்ரி. நான்கிற்கும் மூலம் ஒன்றே: ஆங்கில டார்பாலின். கித்தான்துணியில் தார் பூசி நீர் இறங்காதபடி செய்த மேல்விரிப்பை ஆங்கில மாலுமிகள் பதினேழாம் நூற்றாண்டில் அவ்வாறு அழைத்தனர். அச்சொல் இந்தியத் துறைமுகங்களில் இறங்கியபோது ஒவ்வொரு மொழியும் அதைத் தன் காதால் கேட்டது. தமிழ்க் காதுக்கு அதன் பின்பாதி 'பாய்' என்று ஒலித்தது. தரையில் விரிப்பதும் பாய், மரக்கலத்தில் கட்டுவதும் பாய் ஆகையால் பொருளும் இயல்பாகப் பொருந்திக்கொண்டது. மராத்தியும் குஜராத்தியும் அதே ஒலியில் பனையோலையைக் கேட்டன. தாட் என்றால் பனை, பத்ரி என்றால் இலை. அறிமுகமற்ற சொல்லைத் தெரிந்த சொற்களாகப் பிரித்து வழங்கும் இந்தப் போக்கை மொழியியலார் நாட்டார் சொற்பிறப்பு என்பர்.

இதை வேடிக்கையான திரிபு என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய துணி வருவதற்கு முன்பு மழையை எதனால் தடுத்தார்கள் என்ற செய்தி இந்தத் திரிபிற்குள் இருக்கிறது. ஓரிடத்தில் பாய், வேறோரிடத்தில் ஓலை. சொல் கடனாக வந்தது. அது செய்த வேலையோ முன்பே இங்கு நடந்துகொண்டிருந்தது. இந்த வேறுபாட்டை மறந்தால் படகுத்தொழிலின் வரலாறு எளிதில் பிழைபட்டுவிடும். சொல் போர்ச்சுகீசியம் என்றால் தொழில்நுட்பமும் போர்ச்சுகீசியம், சொல் ஆங்கிலம் என்றால் அறிவும் ஆங்கிலம் என்ற முடிவிற்குத் தாவுவது ஆய்வேடுகளில் இன்றும் அரிதன்று. ஒழுக்கடைத்தல் என்னும் சிறு தொழிலை எடுத்துக்கொண்டு அந்தத் தாவலைச் சோதித்துப் பார்க்கலாம்.

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் ஆணியடிக்காத, கயிற்றால் தைத்த மரக்கலங்கள் ஓடியதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிபுளூஸ் குறிப்பிடுகிறது. பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, தென்னை நார்க்கயிற்றால் ஒன்றோடொன்று இறுக்கித் தைப்பதே முறை. அலையில் மோதும்போது இத்தகைய கலம் உடையாமல் வளைந்துகொடுக்கும் என்பது அதன் சிறப்பு. ஆனால், ஒரு படகில் ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றும் நீர் நுழையும் வாயில். ஆகவே தைப்பவன் ஒழுக்கடைப்பவனாகவும் இருந்தாக வேண்டும். இணைப்பின்மேல் நார் அல்லது வைக்கோலைத் திணித்து, அதன்மேல் கயிற்றை இறுக்கி, துளைகளில் நாரைச் செருகி, குங்கிலியம் போன்ற மரப்பிசினை எண்ணெயோடு காய்ச்சிப் பூசினார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் கேரளத்தின் கெட்டுவள்ளமும் இந்த மரபின் பிள்ளைகள். கெட்டுவள்ளம் என்றால் கட்டிய வள்ளம். பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது.

இந்த மரபின்மேல் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு புதிய சொல் வந்து படிந்தது. கொச்சியிலும் கோவாவிலும் கப்பல் கட்டிய போர்ச்சுகீசியர், பலகை இடுக்குகளில் நாரும் பிசினும் அடைப்பவனைக் கலஃபாத்தே என்றனர். இந்தியிலும் வங்காளத்திலும் அது காலாபட்டி ஆயிற்று. தமிழ் அகராதிகள் கலப்பற்று என்றும், அத்தொழில் செய்வோனைக் கலப்பற்றுக்காரன் என்றும் பதிவுசெய்தன. மீண்டும் அதே நாட்டார் சொற்பிறப்பு: கலத்தில் பற்றுவது கலப்பற்று. வடக்கே காலா என்றால் கருமை, பட்டி என்றால் நாடா. கீல் பூசிய இடுக்கு பலகைகளுக்கிடையே ஒரு கருநாடாவாகவே தெரியும். இரு மொழிகளும் வெளியிலிருந்து வந்த ஒலிக்குத் தம் கண்முன் கண்ட வேலையின் உருவத்தைக் கொடுத்துவிட்டன.

கலஃபாத்தே என்பதும் போர்ச்சுகீசியரின் தனிச்சொத்தன்று. அரபு, துருக்கி, கிரேக்கம், இத்தாலியம் ஆகிய மொழிகளிலெல்லாம் அதன் உறவுச் சொற்கள் உண்டு. 1041இல் பைசாந்தியப் பேரரசனான ஐந்தாம் மைக்கேலுக்குக் கலஃபாத்தீஸ் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் தந்தை முன்பு ஒழுக்கடைக்கும் தொழிலாளி. அரியணை ஏறியவனையும் விடாத ஏளனம் அது. தொழிலின் மதிப்பு எந்தப் படியில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. கெட்டுவள்ளத்தின் மேல் பூசப்படும் கரும்பூச்சிற்கு முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பயன்படுகிறது. முந்திரியோ போர்ச்சுகீசியரால் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். ஆக, கலப்பற்று என்பதில் சொல் வெளியிலிருந்து வந்தது, வேலை உள்ளூரில் இருந்தது. கெட்டுவள்ளத்தில் பெயர் உள்ளூர்ப் பெயர், பூச்சு வெளியிலிருந்து வந்தது. சொற்பிறப்பை மட்டும் நம்பியிருந்தால் இரண்டையும் தவறாகவே படித்திருப்போம்.

குஜராத்தின் கப்பல் தச்சர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். பலகையின் விளிம்பைப் பள்ளமாகச் செதுக்கி, அடுத்த பலகையின் விளிம்பை அதற்குள் பொருந்தும்படி இழைத்து, இடையில் பஞ்சும் பிசினும் வைத்து இறுக்கினார்கள். இடுக்கே இல்லாதபோது இடுக்கை அடைக்கும் வேலையும் குறைகிறது. இந்தப் பொருத்தத்தின் நேர்த்தியை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினர். சூரத்திலிருந்து லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736இல் மும்பைக்கு வந்தபோது அந்நகரின் கப்பல் கட்டும் தளம் வளரத் தொடங்கியது. அங்கே தேக்கு மரத்தில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. வாடியாக்களின் பெயர் நிலைத்தது நியாயமே. ஆனால் அதன் இடுக்குகளில் பஞ்சைச் செலுத்திய காலாபட்டிகளின் பெயர்களை ஊரறியாது.

அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற ஆவணம் சொற்களே. தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் வெளியிட்ட ஆங்கில-இந்துஸ்தானிக் கடற்சொல் அகராதி, இந்திய மாலுமிகளாகிய லஸ்கர்களின் மொழியைத் தொகுத்தது. 1882இல் ஜார்ஜ் ஸ்மால் அதைத் திருத்தி, லஸ்கரி அகராதி என்ற பெயரில் வெளியிட்டார். கட்டளையிடும் அதிகாரிக்குப் பயன்படுவதற்காக உருவான நூல் அது. எனினும், இந்துஸ்தானி, அரபு, பாரசீகம், போர்ச்சுகீசியம், மலையாளம், ஆங்கிலம் ஆகியவை ஒரே தளத்தில் புழங்கியதன் சாட்சியாக அது நிற்கிறது. மேலாளனான ஸெராங்கின் பெயர் பாரசீகத்திலிருந்தும், அவனுக்கு அடுத்த திண்டலின் பெயர் தென்னாட்டுத் தண்டலிலிருந்தும் வந்தவை.

இந்தப் பழைய முறைகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் இயற்பியல் உண்டு. மரமும் பஞ்சும் தென்னை நாரும் நீரைக் குடித்துப் பருப்பவை. புதிதாக இறக்கிய மரப்படகு முதல் சில நாள்கள் ஒழுகும். பலகை ஊறியதும் இடுக்கு தானே இறுகும். நெருக்கமாக நெய்த பருத்திக் கித்தானும் அப்படியே: நனைந்ததும் இழை பருத்துக் கண்களை மூடிக்கொள்ளும். பருத்தி நூலால் தைத்த தையலில் ஊசித்துளையையும் அந்த நூலே அடைத்துவிடும். ஒழுக்கை நிறுத்தும் வேலையில் பாதியை நீரிடமே ஒப்படைத்த அறிவு இது.

1953இல் கொல்லத்திற்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே மீன்பிடித் திட்டமும், பின்னர்ப் பரவிய கண்ணாடியிழைப் படகுகளும் அந்த ஏற்பாட்டை மாற்றின. கண்ணாடியிழை உடலில் பலகை இடுக்கு இல்லை. கலப்பற்றுக்காரனுக்கு வேலையும் இல்லை. ஒழுக்கு கீழிருந்து மேலே இடம்பெயர்ந்தது. இன்றைய விசைப்படகில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் ரேடார் வளைவை எடுத்துக்கொள்ளலாம். ரேடார், அலைவாங்கி, விளக்கு ஆகியவற்றைத் தாங்கும் அந்த வளைவில்தான் மேற்கூரைத் துணியும் பிணைக்கப்படுகிறது. வளைவைத் தாழ்த்தினாலோ பின்னே நகர்த்தினாலோ துணியின் சரிவு குறைந்து, நீர் குட்டையாகத் தேங்கும். தேங்கிய நீர் ஊசித்துளைகளைத் தேடிப் போகும். பாலியெஸ்டர் நூல் பருக்காது. துளை திறந்தே இருக்கும். கம்பி நுழையவும் வளைவின் காலை முடுக்கவும் போட்ட துளைகள் வேறு. எனவே துணிக்கு மீண்டும் சரிவு கொடுத்து, தையலின் மடிப்பை ஓட்டுக்கூரைபோல் கீழ்நோக்கி அமைத்து, தையலின்மேல் நாடாவோ மெழுகோ ஏற்றி, முடுக்காணியின் அடியில் பசை வைத்து அடைக்கிறார்கள். புதிதாக ஒன்றைப் பொருத்தினால் ஒரு துளை, துளைக்கு ஓர் அடைப்பு என்ற பழைய கணக்கு அப்படியே தொடர்கிறது.

தொழில் போனபின் அதன் அறிவை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அண்மைய நிகழ்வு ஒன்று காட்டுகிறது. அஜந்தா ஓவியத்தை முன்மாதிரியாகக் கொண்டு கட்டிய தைத்த கப்பலான கௌண்டின்யாவை 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படை ஏற்றுக்கொண்டது. வரைபடம் எதுவும் எஞ்சியிராத அந்தக் கப்பலுக்கு வடிவத்தை ஓவியம் கொடுத்தது. பலகையைத் தைத்துப் பிசினால் அடைக்கும் வழியைப் பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்களின் கைகள்தாம் கொடுத்தன. எந்த நூலகத்திலும் அது முழுமையாக இல்லை.

தார்ப்பாய் என்று இன்று கடையில் விற்பதில் தாரும் இல்லை, பாயும் இல்லை. பிளாஸ்டிக் மட்டுமே இருக்கிறது. பொருள் மாறியபின்னும் சொல் நிற்கிறது. சொல் மாறியபின்னும் தொழில் நிற்கிறது. ஆகவே சொல்லின் பயணத்தை எழுதும்போது, அதே வேலையைச் செய்த கையின் பயணத்தையும் தனியே விசாரித்து எழுத வேண்டும். நெய்தல் நிலத்துத் தொழிற்சொற்களைத் தொகுக்கும் மாணவர்கள் துறைமுகப் பதிவேடுகளோடு நின்றுவிடாமல், படகுக் கொட்டகையில் எஞ்சியிருக்கும் முதிய தச்சர்களிடம் ஒவ்வொரு துளைக்கும் என்ன பெயர், அதை எதனால் அடைத்தார்கள் என்று கேட்டுக் குறித்துவைப்பது அவசரப் பணி. அடைத்தவனின் பெயர் தொலைந்துவிட்டது. அவன் வேலைக்கு இட்ட பெயராவது தொலையாமல் இருக்கட்டும்.