சேகரிப்புச் சீட்டாட்டங்களில் நேர விதிகள்: மேஜிக் ஆட்டத்தின் வரலாறு

நேர விதிகள் என்பவை, ஒரு சீட்டாட்டத்தில் ஒரு செயலை எப்போது அறிவிக்கலாம், அதற்கான செலவை எப்போது செலுத்த வேண்டும், அதன் விளைவு எப்போது நிறைவேறும் என்பவற்றை வரையறுக்கும் விதிகள் ஆகும். ரம்மி, பிரிட்ஜ் போன்ற ஆட்டங்களில் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது மட்டுமே சீட்டு இறக்குவதால் இவற்றுக்கு அதிகத் தேவை எழவில்லை. எதிராளியின் முறையிலும் குறுக்கிட்டு ஆட இடம் தரும் சேகரிப்புச் சீட்டாட்டங்களில்தான் இவை ஆட்டத்தின் உயிர்நாடியாக விளங்குகின்றன. இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான மேஜிக்: த கேதரிங், 1993 முதல் தன் நேர விதிகளைப் பலமுறை திருத்தியுள்ளது. அவற்றுள் 1999, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் பெரியவை.

பின்னணி

மேஜிக் ஆட்டத்தை வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் இவ்வாட்டத்தை வெளியிட்டது. ஆல்ஃபா எனப்படும் முதல் பதிப்பில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன.

இவ்வாட்டத்தில் இருவர் மந்திரவாதிகளாக மோதுகின்றனர். ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. நிலச் சீட்டுகளைப் பக்கவாட்டில் சாய்த்தால் மானா என்னும் ஆற்றல் கிடைக்கும். அந்த மானாவைச் செலவிட்டே மந்திரங்களை ஏவவும் உயிரிகளை வரவழைக்கவும் முடியும். பொது விதியை மீறும் வரிகள் பல சீட்டுகளில் இருப்பது இவ்வாட்டத்தின் சிறப்பு. அத்தகைய இரு சீட்டுகள் ஒரே வேளையில் மோதும்போது எது முந்தும் என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது.

செலவும் விளைவும்

நேர விதிகளின் அடித்தளம், செலவு செலுத்துவதும் விளைவு நிறைவேறுவதும் இரு வேறு நேரங்களில் நிகழ்பவை என்பதாகும். உணவகத்தில் முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, பிறகு காபியைப் பெறுவதுடன் இதை ஒப்பிடலாம். டோக்கன் வாங்கியதற்கும் காபி கைக்கு வருவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் எதிராளி குறுக்கிட முடியும். ஒரு வேறுபாடும் உண்டு. இங்கே காபி கவிழ்ந்தாலும் பணம் திரும்ப வராது.

ஓர் ஆட்டக்காரர் பெரிய மந்திரம் ஒன்றை ஆறு மானா கொடுத்து ஏவுகிறார் என்று கொள்வோம். எதிராளி இரண்டு மானா செலவில் கவுன்டர்ஸ்பெல் என்னும் சீட்டால் அதை முறிக்கிறார். மந்திரம் வீணாகிறது, ஆறு மானாவும் போனது போனதுதான். மந்திரத்தின் இலக்கு இடையில் மறைந்துவிட்டாலும் இதே நிலைதான். செலவைச் செலுத்துவதற்கு மட்டும் யாரும் குறுக்கே நிற்க முடியாது. ஓர் உயிரியைப் பலியிடுவது ஒரு செயலின் செலவாக இருந்தால், அறிவிப்பைக் கேட்ட பின் அந்த உயிரியைக் கொன்று செயலைத் தடுக்க எதிராளிக்கு வாய்ப்பில்லை. அது முன்பே பலியாகியிருக்கும்.

வேகப் படிநிலை (1993–1999)

தொடக்க கால விதிகள், எது முந்தும் என்ற கேள்விக்கு வேகத்தின் அடிப்படையில் விடை கூறின. சொர்சரி வகை மந்திரங்களைத் தம் முறையில் மட்டுமே ஏவ முடிந்தது. இன்ஸ்டன்ட் வகையை எதிராளியின் முறையிலும் ஏவலாம். அதனினும் வேகமானது இண்டரப்ட் என்னும் வகை. கவுன்டர்ஸ்பெல் இவ்வகையைச் சேர்ந்ததாக இருந்தது. ஓர் இண்டரப்டுக்கு மற்றோர் இண்டரப்டால் மட்டுமே மறுமொழி தர முடியும். இன்ஸ்டன்ட் வேலை செய்யாது.

இந்தப் படிநிலை செலவு செலுத்துவதில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. இண்டரப்டை ஏவவும் மானா வேண்டும். அந்த மானாவைத் தரும் செயல் மெதுவானதாக இருந்தால் உரிய நேரத்தில் செலவைக் கட்ட முடியாது. எனவே மானா தரும் உயிரிகளின் ஆற்றல்களும் இண்டரப்ட் வேகத்தில் நிகழ்வதாக விதிக்கப்பட்டது. ஒரு மானாவைப் பெற்று மூன்று மானா தரும் டார்க் ரிச்சுவல் என்னும் சீட்டும் முதலில் இண்டரப்டாகவே அச்சிடப்பட்டது. இண்டரப்ட் என்றால் அதற்கு எதிராக இன்னோர் இண்டரப்டை ஏவலாம். அப்படியானால் செலவைக் கட்டுவதே பாதியில் நின்றுபோகலாம். இதைத் தவிர்க்க, யாரும் குறுக்கிட முடியாத மானா சோர்ஸ் என்னும் தனி வகை ஏற்படுத்தப்பட்டது. 1996இல் வெளியான மிராஜ் தொகுப்பில் டார்க் ரிச்சுவல் இந்தப் பெயருடன் வந்தது. ஒரு சிக்கலைத் தீர்க்க ஒரு புதிய வகை என்று விதிநூல் இவ்வாறு வளர்ந்தது.

தொகுதி முறை

அக்காலத்தில் ஒன்றுக்கொன்று மறுமொழியாக ஏவப்பட்ட மந்திரங்கள் ஒரு தொகுதியாகக் கருதப்பட்டன. இருவரும் போதும் என்ற பின் தொகுதி முழுவதும் ஒரே மூச்சில் நிறைவேறும். நடுவில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. சேதத்தால் ஓர் உயிரி இறந்ததா என்பதைத் தொகுதி முடிந்த பிறகே பார்த்தனர்.

இதன் பலனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கிரிஸ்லி பேர்ஸ் என்னும் கரடிச் சீட்டுக்குத் தாங்குவலு 2. அதன் உரிமையாளர், வலுவை 3 கூட்டும் ஜயன்ட் குரோத் மந்திரத்தை அதன்மேல் ஏவுகிறார். எதிராளி மறுமொழியாக 3 சேதம் தரும் லைட்னிங் போல்ட்டை ஏவுகிறார். தொகுதி முறையில் இரண்டும் நிறைவேறிய பிறகே கணக்குப் பார்ப்பதால், தாங்குவலு 5 ஆகிவிட்ட கரடி பிழைத்துக்கொள்ளும். சரியான தருணம் பார்த்து முந்திக்கொண்ட எதிராளிக்கு அதனால் பயன் இல்லை.

ஆட்டக்காரரின் உயிர்ப்புள்ளிகளுக்கும் இதுபோன்ற ஒரு விதி இருந்தது. புள்ளிகள் சுழியத்துக்குக் கீழே போனாலும் அந்தக் கட்டம் முடியும்வரை தோல்வி இல்லை. அதற்குள் புள்ளிகளை மீட்டுக்கொண்டால் ஆட்டம் தொடரும்.

நண்பர்கள் வீட்டில் ஆடும்போது இவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் 1994இல் மில்வாக்கி நகரில் முதல் உலகப் போட்டியும், 1996இல் நியூயார்க்கில் பரிசுப் பணம் கொண்ட முதல் தொழில்முறைப் போட்டியும் நடந்தன. ஒரே நிகழ்வுக்கு இரு நடுவர்கள் இரு தீர்ப்புகள் கூறினால் ஒருவருடைய வெற்றி பறிபோகும் நிலை வந்தது.

அடுக்கு முறை (1999)

1999இல் வெளியான ஆறாம் பதிப்பு விதிகளைப் புதிதாக எழுதியது. வேகப் படிநிலை நீக்கப்பட்டது. இண்டரப்ட், மானா சோர்ஸ் என்னும் இரு வகைகளும் ஒழிக்கப்பட்டு, அவ்வகைச் சீட்டுகள் அனைத்தும் இன்ஸ்டன்ட் ஆக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் அடுக்கு என்னும் ஒரே ஏற்பாடு வந்தது.

ஏவப்படும் ஒவ்வொரு மந்திரமும் அடுக்கின் மேல் வைக்கப்படுகிறது. கடைசியாக வைத்தது முதலில் நிறைவேறும். அடைப்புக்குறிக் கணக்கில் உள் அடைப்பை முதலில் தீர்ப்பது போன்றது இது. தொகுதி முறையிலிருந்து இதன் முக்கிய வேறுபாடு, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறைவேறுகிறது என்பதாகும். ஒன்று முடிந்ததும் இருவருக்கும் மீண்டும் குறுக்கிடும் வாய்ப்புக் கிடைக்கும். இறப்பும் தோல்வியும் அவ்வப்போதே சரிபார்க்கப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இப்போது லைட்னிங் போல்ட் முதலில் நிறைவேறும். கரடி உடனே இறக்கும். ஜயன்ட் குரோத் இலக்கின்றி வீணாகும். இனி வென்றது சீட்டின் வேகமன்று, ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்த தருணம்.

மானா தரும் ஆற்றல்கள் மட்டும் அடுக்குக்கு வெளியே வைக்கப்பட்டன. அவை உடனே நிறைவேறும்; அவற்றுக்கு மறுமொழி கிடையாது. மானா சோர்ஸ் வகை செய்ய முயன்றதை, தனிச் சீட்டு வகை தேவைப்படாமலே இவ்விதி செய்தது.

பழகிய விதிகள் ஒரே நாளில் மாறியதால் பல ஆட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் அடுக்கு முறை நிலைத்தது. 2002இல் தொடங்கிய மேஜிக் ஆன்லைன் என்னும் கணினி வடிவத்திற்கு, நடுவரின் ஊகத்துக்கு இடம் தராத இத்தகைய விதிகள் இன்றியமையாதவையாக இருந்தன.

சண்டைச் சேதமும் 2009 திருத்தமும்

ஆறாம் பதிப்பு, உயிரிகள் மோதும்போது விளையும் சேதத்தையும் அடுக்கில் வைத்தது. இதனால் ஒரு விந்தை பிறந்தது. மாக் ஃபனாடிக் என்பது தாக்குவலு 1, தாங்குவலு 1 கொண்ட சிறிய உயிரி. அதைப் பலியிட்டால் ஓர் இலக்குக்கு 1 சேதம் தரலாம். அது தாங்குவலு 2 கொண்ட உயிரியுடன் மோதும்போது, முதலில் அதன் சண்டைச் சேதம் 1 அடுக்கில் ஏறும். உடனே உரிமையாளர் அதைப் பலியிட்டு மேலும் 1 சேதம் தருவார். களத்திலேயே இல்லாத உயிரியின் சண்டைச் சேதமும் பிறகு நிறைவேறும். சிறிய உயிரி பெரியதைக் கொன்றுவிடும். தேர்ந்தவர்கள் இதைத் திறமையின் அடையாளமாகக் கொண்டனர். புதிதாகக் கற்பவருக்கோ, இல்லாத உயிரி எப்படி அடித்தது என்று புரிவதில்லை.

2009 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மேஜிக் 2010 விதிகள் சண்டைச் சேதத்தை அடுக்கிலிருந்து நீக்கின. அதன்பின் மாக் ஃபனாடிக் சண்டையிடலாம், அல்லது பலியாகலாம். இரண்டின் பலனையும் ஒருசேரப் பெற முடியாது. செலவிடாத ஒவ்வொரு மானாவுக்கும் ஓர் உயிர்ப்புள்ளி இழக்க வேண்டும் என்ற பழைய விதியும் அப்போது கைவிடப்பட்டது. இம்முறையும் எதிர்ப்பு எழுந்தது. தம் திறமை ஒன்று செல்லாக்காசாகிவிட்டது என்ற மனக்குறை அதில் இருந்தது.

இன்றைய நடைமுறை

இன்றைய விதிநூலின்படி ஒரு மந்திரத்தை ஏவும் படிகள் வருமாறு:

1. மந்திரத்தை அறிவித்து அடுக்கில் வைத்தல்.
2. அதன் இலக்குகளையும் பிற தெரிவுகளையும் கூறுதல்.
3. மொத்தச் செலவைக் கணக்கிடுதல். கணக்கிட்ட தொகை அதன்பின் மாறாது.
4. தேவையான மானாவை உண்டாக்குதல்.
5. செலவு முழுவதையும் செலுத்துதல். பாதிச் செலவு ஏற்கப்படாது.

செலுத்த முடியாமற்போனால் அறிவிப்புக்கு முந்தைய நிலைக்கு ஆட்டம் திருப்பப்படும். செலவைக் குறைத்துத் தரும் உயிரி ஒன்றை மூன்றாம் படிக்குப் பின் பலியிட்டாலும் குறைக்கப்பட்ட செலவே நிற்கும். இப்படிகள் முடிந்த பிறகே எதிராளி குறுக்கிட முடியும். 2006இல் வெளியான டைம் ஸ்பைரல் தொகுப்பில் வந்த ஸ்ப்ளிட் செகண்ட் என்னும் பண்பு இதற்கு விலக்காகும். அப்பண்புள்ள மந்திரம் அடுக்கில் இருக்கும்வரை வேறு மந்திரங்களை ஏவ முடியாது.

பிற ஆட்டங்களில்

1999இல் ஜப்பானில் வெளியான யூகியோ சீட்டாட்டம் சங்கிலி என்னும் முறையைப் பின்பற்றுகிறது. கடைசி முதலில் என்ற ஒழுங்கு இதிலும் உண்டு. ஆனால் சங்கிலி நிறைவேறத் தொடங்கியபின் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்று வேகப் படிகளும் உள்ளன. மேஜிக் கைவிட்ட தொகுதியும் வேகப் படிநிலையும் இங்கே வேறு வடிவில் வாழ்கின்றன. செலவாகப் பலியிடப்பட்ட சீட்டு, தான் கல்லறைக்குச் சென்றபோது நிகழ வேண்டிய விருப்ப விளைவை, அது கடைசியாக நடந்த நிகழ்வாக இல்லாததால், இழந்துவிடும் நிலையும் இவ்வாட்டத்தில் உண்டு.

1996இல் தோன்றிய போக்கிமான் சீட்டாட்டம், எதிராளியின் முறையில் சீட்டு இறக்கிக் குறுக்கிடும் வழக்கத்தையே விலக்கியது. 2014இல் வெளியான ஹார்த்ஸ்டோன் கணினி ஆட்டத்தில் செலவிட்டதும் விளைவு நிகழ்கிறது. முன்கூட்டியே வைக்கப்பட்ட இரகசியச் சீட்டுகள் தாமாக வெளிப்பட்டால்தான் குறுக்கீடு ஏற்படும்.

மதிப்பீடு

மேஜிக் ஆட்டத்தின் நேர விதிகள் ஒவ்வொரு திருத்தத்திலும் எளிமையை நோக்கி நகர்ந்துள்ளன. வகைகள் குறைந்தன, விலக்குகள் குறைந்தன, சில நுட்பங்களும் அவற்றுடன் மறைந்தன. ஆயினும் 1993 முதல் இன்றுவரை ஒரு கொள்கை மாறவில்லை. செலவைக் கட்டியவர் விளைவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில் மறுமொழி கூற எதிராளிக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை இருவருக்கும் ஐயமின்றி ஒரே அளவில் வழங்குவதற்கான முயற்சியே இவ்விதிகளின் வரலாறாகும்.