எப்போதாவது, இப்போது

அமெரிக்காவில் மருத்துவத் தொழில் செய்ய அந்தந்த மாநில மருத்துவ வாரியத்தின் உரிமம் வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பல மாநிலங்களின் படிவங்களில் நீண்ட காலம் ஒரு கேள்வி இருந்தது: உங்களுக்கு எப்போதாவது மனநோய் இருந்ததா, சிகிச்சை எடுத்ததுண்டா? 'ஆம்' என்று போட்டால் விளக்கக் கடிதம், சிகிச்சைக் குறிப்புகள், சில சமயம் விசாரணை. 'இல்லை' என்று போட்டால் பொய். அதனால் நிறைய டாக்டர்கள் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடுவது. போனால்தானே எழுதணும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. குடித்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையும் டாக்டரிடமிருந்து நோயாளியை யாராவது காப்பாற்ற வேண்டுமே. 1973-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் இதழில் 'நோயுற்ற மருத்துவர்' என்றொரு அறிக்கை வெளியிட்டது. சக டாக்டரின் குடியையும் போதைப் பழக்கத்தையும் மனநோயையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கக் கூடாது என்றது அது. அதற்குப் பிறகு மாநிலந்தோறும் மருத்துவர் நலத் திட்டங்கள் வந்தன. தண்டனைக்குப் பதில் சிகிச்சை என்பது அவற்றின் நோக்கம். நல்ல காரியம்தான். ஆனால் சிகிச்சையோடு கண்காணிப்பும் சேர்ந்தே வந்தது. வாரியத்தின் நிழலும் கூடவே நின்றது. போதைக்கு அடிமையாகிக் கை நடுங்கும் டாக்டரும், பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வுக்குச் சில மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமான டாக்டரும் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் 'டிக்' போட வேண்டியிருந்தது.

1990-இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நியூஜெர்சி மருத்துவச் சங்கம் தன் மாநில வாரியத்தின் மீதே வழக்குப் போட்டது. 1993-இல் நீதிமன்றம் தடையுத்தரவு தரவில்லை. ஆனாலும் 'ஆம்' என்றவர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கூடுதலாக விசாரிப்பது அந்தச் சட்டத்துக்கு முரண் என்று கருதியது. ஒருவரின் நடத்தையைப் பார், நோயின் பெயரைப் பார்க்காதே என்பது வாதத்தின் சாரம். அது எல்லா மாநிலங்களுக்கும் போய்ச்சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2018-இல்தான் மாநில வாரியங்களின் கூட்டமைப்பு வெளிப்படையாகப் பரிந்துரைத்தது: 'எப்போதாவது' வேண்டாம், 'இப்போது' வேலையைப் பாதிக்கும் குறைபாடு ஏதும் உண்டா என்று மட்டும் கேளுங்கள், உடல்நோயையும் மனநோயையும் ஒரே மாதிரி நடத்துங்கள். பரிந்துரைதான், கட்டளை இல்லை.

இரண்டே வருடத்தில் கொரோனா வந்தது. லோர்னா பிரீன் என்பவர் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவர். 2020 மார்ச்சில் அவருக்கே தொற்று வந்தது. தேறியதும் வேலைக்குத் திரும்பினார். சில நாட்களில் உடைந்துபோனார். குடும்பத்தார் வர்ஜினியாவுக்கு அழைத்து வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் உரிமம் போய்விடும், இத்தனை வருட உழைப்பும் போய்விடும் என்பதே அவருடைய பயமாக இருந்தது என்று பின்னாளில் அவர்கள் சொன்னார்கள். ஏப்ரல் 26 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 49.

இதில் மனத்தை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் உரிமப் படிவம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. இல்லாத கேள்விக்குத்தான் அவர் பயந்தார். மருத்துவக் கல்லூரியிலிருந்தே காதுக்குக் காது வரும் எச்சரிக்கை, 'வெளியே சொல்லிடாதே, லைசென்ஸ் போயிடும்', எந்த மாநில எல்லையிலும் நிற்பதில்லை. இந்தியாவிலிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும்.

அதே 2020-இல் வர்ஜினியா ஒரு சட்டம் செய்தது. அதன்படி அமைந்த 'சேஃப்ஹேவன்' திட்டத்தில் டாக்டர் மனம்விட்டுப் பேசுவது பொதுவாக வாரியத்துக்குப் போகாது. அவராலேயே யாருக்கேனும் ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. பிறகு செவிலியர்களுக்கும் அது விரிந்தது. 2022 மார்ச் 18 அன்று லோர்னா பிரீன் பெயரிலேயே கூட்டாட்சிச் சட்டம் ஒன்றில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். மருத்துவப் பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கும் விழிப்புணர்வுக்கும் அது பணம் ஒதுக்க வழிசெய்தது. உரிமம் மாநிலங்களின் கையில் இருப்பதால் படிவத்தை அது தொடவில்லை. அந்த வேலையைப் பிரீனின் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளையும் மருத்துவச் சங்கங்களும் மாநிலம் மாநிலமாக, மருத்துவமனை மருத்துவமனையாகச் செய்துவருகின்றன. ஏனென்றால் வேலைக்குச் சேர்க்கும்போது மருத்துவமனைகள் தரும் படிவங்களிலும் அதே கேள்வி ஒளிந்திருக்கலாம்.

பல மாநிலங்கள் கேள்வியை மாற்றிவிட்டன. ஆனால் மாற்றியதை டாக்டர்களுக்கு யார் சொல்வது? நியூயார்க் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை என்பதை லோர்னா பிரீனுக்கு உறுதியாகச் சொல்லி, அவர் அதை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று இரவு ஷிஃப்ட் முடிந்து காருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு டாக்டருக்கு அதைச் சொல்லலாம். சிகிச்சை எடுக்கும் டாக்டரைவிட, பயந்து எடுக்காமல் இருக்கும் டாக்டரால்தான் நோயாளிக்கும் ஆபத்து அதிகம்.