வைக்கோல் சுவரும் பூச்சு வேலையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். கட்டட வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற நான் இன்னொன்றும் சொல்வேன்: பூச்சு இருந்தால்தான் சுவர். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கே நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கே மணற்குன்றுப் பகுதி. 1904இல் வந்த கின்கெய்டு சட்டப்படி, குடியேறுகிறவர்களுக்கு 640 ஏக்கர் வரை அரசு கொடுத்தது. நிலம் கிடைத்தது, வீடு கட்ட மரம் இல்லை. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கலாமென்றால், மணல் உதிர்ந்தது. வைக்கோலையும் புல்லையும் அழுத்திக் கட்டும் இயந்திரம் மட்டும் இருந்தது. அந்தக் கட்டுகளையே செங்கல் மாதிரி மூட்டு விலக்கி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

இந்தச் சட்டத்துக்கு முன்பே, பேயார்டு என்ற ஊருக்கு அருகே இப்படி ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். பூசாமல் விட்டார்கள், வேலியும் போடவில்லை. சில வருஷங்களில் மாடுகள் வந்து பள்ளிக்கூடத்தையே தின்று தீர்த்தனவாம்! நம் ஊர் வைக்கோல் போரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பூசுவதென்றாலும் அவசரப்படக் கூடாது. கட்டுகள் நகராமலிருக்க மேலிருந்து மரமுளையோ இரும்புக்கம்பியோ அடித்து இறக்க வேண்டும். கூரையை ஏற்றிய பிறகு, அந்தப் பாரத்தில் சுவர் அமுங்குவதற்குச் சில வாரம் விட வேண்டும். இடுக்குகளில் வைக்கோலைத் திணித்து, நீட்டிக்கொண்டிருக்கும் தாள்களைக் கத்தரித்து, ஜன்னல், கதவு ஓரங்களில் கம்பிவலை அடித்த பிறகுதான் பூச்சு. சுவர் அமுங்குமுன் பூசினால் வெடிப்பு நிச்சயம். வெடிப்பில் மழைநீர் இறங்கினால் உள்ளே வைக்கோல் மக்கிவிடும்.

பொறுமையாகச் செய்ததற்குச் சாட்சி, அதே மாநிலத்தில் ஆர்தர் என்ற சிற்றூரில் இருக்கும் தேவாலயம். 1928இல் ரை என்ற தானியத்தின் வைக்கோலால் கட்டியது. சுவர் கனம் சுமார் இரண்டடி. உள்ளும் புறமும் பூச்சு. 1979இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு கட்டும்போது, "சார், சுவர் இன்னும் காயலை, பத்து நாள் பொறுங்க" என்றார் கொத்தனார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று நான் கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் ஓடும் அந்த வெடிப்பை எத்தனை முறை அடைத்தாலும் மறுபடி தலைகாட்டுகிறது. ஊரார் வீட்டுக்கெல்லாம் யோசனை சொன்னவன், என் வீட்டுக்குப் பத்து நாள் பொறுக்கவில்லை.