டெட் லூயிஸும் வடக்கு இங்கிலாந்தின் நிழலுலகமும்

ஆங்கிலக் குற்றப்புனைவு என்றதும் நம் வாசகர் நினைவுக்கு வருவது கிராமத்து மாளிகையும் லண்டன் மூடுபனியும்தான். 1970-இல் வெளிவந்த டெட் லூயிஸின் ‘ஜாக்ஸ் ரிட்டர்ன் ஹோம்’ நாவலோ உருக்காலைப் புகை படிந்த வடக்கத்தி ஊரில் நடக்கிறது. ஊரின் பெயரை லூயிஸ் சொல்லவில்லை. ஸ்கன்தார்ப்தான் அது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஹம்பர் ஆற்றங்கரையில் வளர்ந்து, ஹல் நகரில் ஓவியம் பயின்ற லூயிஸுக்கு அந்த மண் அத்துப்படி.

லண்டன் தாதாக்களின் அடியாள் ஜாக் கார்ட்டர், அண்ணன் பிராங்கின் சாவுக்கு ஊர் திரும்புகிறான். குடிபோதையில் காரோட்டி இறந்தான் என்ற பேச்சை அவன் நம்பவில்லை. துருவப் போனால் உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் தொழில் போட்டி வெளிவருகிறது. அவர்களில் ஒருவனான கின்னியரை ஒழித்துக்கட்ட நினைக்கும் இன்னொருவன் பிரம்பி, ஜாக்கின் பழிவெறியையே ஆயுதமாக்கப் பார்க்கிறான்.

இந்தப் பகைக்கு அடியில் ஓடுவது சில்லறைக் காசு. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மனமகிழ் மன்றங்களில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தது. சுரங்கத் தொழிலாளரின் மன்றங்கள் நிறைந்த வடகிழக்கில் அது பணங்காய்ச்சி மரமாயிற்று. 1967 ஜனவரியில், அந்த இயந்திரங்களின் வசூலைத் திரட்டிவந்த ஆங்கஸ் சிபெட், சவுத் ஹெட்டன் கிராமத்தில் ஜாகுவார் காருக்குள் சுடப்பட்டுக் கிடந்தார்.

1971-இல் நாவலை ‘கெட் கார்ட்டர்’ என்று படமாக்கிய மைக் ஹாட்ஜஸ், கதையை நியூகாசிலுக்கு மாற்றினார். சிபெட் கொலை வழக்கின் நிழல் படத்தில் விழுந்திருக்கிறது. இறுதிக்காட்சி பிளாக்ஹால் கடற்கரை. நிலக்கரிக் கழிவு சுமந்த இரும்புத் தொட்டிகள் கம்பியில் ஊர்ந்துபோய்க் கடலில் கவிழ்கின்றன. கார்ட்டர் ஒரு பிணத்தையும் அவற்றில் ஏற்றி அனுப்புகிறான்.

ஆனால் நாவலின் பலம் தன்மையில் சொல்லப்படும் கதைதான். ஜாக்கின் வாய்வழியாகவே எல்லாம் கேட்பதால், அவனுக்கு வெளியே நியாயம் பேச ஆளில்லை. அண்ணன் மகளைச் சீரழித்த தொழிலுக்கும் தான் சோறு தின்னும் தொழிலுக்கும் அதிகத் தூரமில்லை என்பது, அவன் நெருங்க நெருங்க நமக்குப் புரிகிறது. அவன் பழிவாங்கக் கிளம்பிய கூட்டத்தில் அவனும் ஒருவன்.

லூயிஸ் 1982-இல், 42 வயதில் மறைந்தார். யார்க்‌ஷயரைக் களமாக்கி டேவிட் பீஸ் எழுதிய நான்கு நாவல்களை வாசிப்பவர், அவற்றின் இருளுக்கு லூயிஸ் முன்னரே வழி திறந்திருந்ததை உணர்வார். குற்றத்தை ஒரு தனிமனிதனின் வக்கிரமாகக் காட்டாமல், ஊரின் வரவுசெலவோடு சேர்த்து எழுதியதே அவர் சாதனை.