வானில் எரிபொருள் ஊட்டல்: கரத்திலிருந்து கணனிக்கு

பறக்கும் விமானமொன்றுக்குப் பிறிதொரு விமானம் வானிலேயே எரிபொருள் வழங்கும் முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறுடையது. இணைவது எங்ஙனம் என்பதே அவ்வரலாற்றின் பிரச்சினையெனப் பொதுவாகக் கருதப்படும். விலகுவது எப்போது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பன அதனினும் முக்கியமானவை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1923 யூன் 27ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சான் டியாகோவில், மேலே பறந்த இராணுவ விமானத்திலிருந்து தொங்கிய குழாயைக் கீழ் விமானத்தவர் கையாற் பற்றி எரிபொருள் பெற்றனர். 1929இல் ‘கேள்விக்குறி’ எனப் பெயர்பெற்ற விமானம் இம்முறையால் 150 மணித்தியாலங்களுக்கு மேல் வானில் நிலைத்தது. அப்போது குழாய் விலகியமையால் அதன் தலைவர் ஸ்பாட்ஸ் பெற்றோலில் நனைந்தார்.

பின்னர் குழாயின் நுனியிற் கூம்புவடிவக் கூடையைப் பொருத்தும் பிரித்தானிய முறையும், விறைப்பான குழலை இயக்குநர் ஒருவர் செலுத்தும் அமெரிக்க முறையும் தோன்றின. கரம் குழாயை விட்டகன்றது; ஆயினும் தீர்மானம் மனிதனிடமே இருந்தது. 1966 சனவரி 17இல் ஸ்பெயினின் பலோமாரெஸ் கிராமத்தின் மேல், பீ-52 குண்டுவீச்சு விமானமொன்று எரிபொருள் விமானத்துடன் மோதிற்று. எழுவர் மாண்டனர், நான்கு ஐதரசன் குண்டுகள் வீழ்ந்தன. தாம் சற்று விரைவாக நெருங்கியதாகவும், விலகுமாறு அழைப்பெதுவும் வரவில்லையெனவும் உயிர்தப்பிய விமானி ஒருவர் பின்னர் கூறினார்.

இவ்விணைப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தல் எளிதன்று. அணுகும் விமானத்தின் முன்னே தள்ளப்படும் வளி கூடையை அசைக்கின்றது; எரிபொருள் ஏற ஏற விமானத்தின் நிறையும் மாறுகின்றது. ஆகவே கட்டுப்பாட்டுத் தொகுதி இடைவிடாது அளந்து, வழுவைத் திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டும். 2006 ஓகஸ்டில் நாசா நிறுவனத்தின் எப்/ஏ-18 விமானம், செய்மதிச் சமிக்ஞைகளால் இரு விமானங்களின் சார்புநிலையையும் கமெராவினாற் கூடையின் இடத்தையும் அறிந்து, தன்னியக்கமாக இணைந்தது. விமானி உள்ளிருந்து கண்காணித்தார். கூடையைத் தவறவிட்டவிடத்து அத்தொகுதி பின்வாங்கி மீண்டும் முயலுமாறு அமைக்கப்பட்டிருந்தமை கவனத்திற்குரியது. 2015 ஏப்ரில் 22இல் விமானி எவருமற்ற எக்ஸ்-47பீ விமானம் 4,000 இறாத்தலுக்கு மேற்பட்ட எரிபொருளைத் தானே இணைந்து பெற்றது.

பலோமாரெஸில் ஒலிக்காத அந்த அழைப்பு இன்று கணனியின் விதியாக முன்கூட்டியே எழுதப்படுகின்றது. விதி களைப்படைவதில்லை, தயங்குவதுமில்லை. ஆனால் எத்தூரத்தில், எவ்வேகத்தில் விலகவேண்டும் என அதனை வகுப்பவன் மனிதனே. எனவே தன்னியக்கம் மனிதனின் பொறுப்பை நீக்கவில்லை. வானிலிருந்த விமானியிடமிருந்து தரையிலிருக்கும் பொறியியலாளனிடம் அதனை மாற்றியுள்ளது எனலாம்.